ஜெர்மனியில் கார் ஓட்டப் போகிறீர்களா? வழி யாருக்கு என்று முதலில் படியுங்கள்

இந்திய லைசென்ஸோடு ஜெர்மனிக்கு வருபவர்கள் பயப்படுவது வலப்பக்கம் ஓட்டுவதை நினைத்துத்தான். அந்தப் பயம் சில நாட்களில் தெளிந்துவிடும். தெளியாமல் கூடவே வருவது வேறொன்று: ஒரு முனையில் இரண்டு வண்டிகள் சந்தித்தால் முதலில் யார் போவது? நம் ஊரில் அதை ஹாரனும் ஹெட்லைட்டும் வண்டியின் உருவமும் அந்த நொடியிலேயே பேசி முடித்துவிடும். இங்கே எல்லாம் எழுதி வைத்ததுதான். எதிரே வருபவர் அந்த எழுத்தை நம்பி, வேகத்தைக் குறைக்காமல் வருவார். நம் பழக்கம் அந்த நம்பிக்கையோடு மோதும்போதுதான் வண்டியும் மோதுகிறது.

குடியிருப்புத் தெருக்கள் பெரும்பாலும் மணிக்கு 30 கி.மீ. வேக வரம்பு உள்ள மண்டலம். அங்கே பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே வழி. ‘ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்’ என்பார்கள். இடதுக்கு முன் வலது. சொல்லச் சுலபம். ஒரு முச்சந்தியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போகிறீர்கள். வலப்பக்கம் ஒரு சந்து வந்து சேருகிறது. தெருவோரம் வரிசையாக நிற்கும் கார்களால் அதன் வாய் பாதி மறைந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு சின்னக் கார் மூக்கை நீட்டுகிறது. நம் கணக்கில் மெயின் ரோட்டில் போகிறவருக்குத்தான் வழி, சந்துக்காரர் நிற்க வேண்டும். இங்கே நிற்க வேண்டியவர் நீங்கள். தெரு அகலமாக இருப்பதும் நீங்கள் நேராகப் போவதும் கணக்கிலேயே வராது.

இந்தியச் சட்டத்துக்கும் இது புதிதல்ல. மெயின் ரோடு என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழி விட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது. அதைத் தெருவில் காட்டிச் சொல்லித்தர ஆளில்லை என்பதுதான் வருத்தம்.

செய்ய வேண்டியது இதுதான்: சந்திப்புக்கு இருபது முப்பது மீட்டர் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கின் மேல் வையுங்கள். முதலில் வலப்பக்கம் பாருங்கள். சந்துக்குள் பார்வை எட்டவில்லை என்றால் நடை வேகத்துக்கு இறங்குங்கள். உங்களுக்கு இடப்பக்கம் வருபவர் நிற்க வேண்டியவர்தான், ஆனாலும் அவர் நிற்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டே நகருங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. வீட்டு வாசல், பெட்ரோல் பங்க், வயல்பாதை, காட்டுப்பாதை, விளிம்புக்கல் தாழ்த்தப்பட்ட இடம் ஆகியவற்றிலிருந்து வெளியே வருபவர் வலப்பக்கம் இருந்தாலும் காத்திருக்க வேண்டும். எனவே சந்தின் வாயில் உள்ள கல்லைக் கவனியுங்கள். நடைபாதையின் விளிம்புக்கல் வளைந்து சந்துக்குள் திரும்பினால் அது தெரு; அவருக்கு வழி விடுங்கள். கல் தாழ்ந்து, நேர்கோடாகவே சந்தின் குறுக்கே ஓடினால் வழி உங்களுக்கு. ஓட்டுநர் தேர்வில் பலர் தோற்பது இந்த ஒரு கல்லைப் பார்க்காமல்தான்.

நாற்சந்தியில் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வந்துவிட்டால்? எல்லோருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார், யாருக்கும் உரிமை இல்லை. ஒருவர் விட்டுக்கொடுத்துக் கையால் ஜாடை காட்ட வேண்டும். அமெரிக்காவில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். இங்கே முதலில் வந்ததால் எந்த உரிமையும் கிடைக்காது. ஹெட்லைட்டும் கவனம். நம் ஊரில் லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். இங்கே தெருச் சந்திப்பில் லைட் அடிப்பவர் பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்கிறார். அதை மட்டும் நம்பிக் கிளம்பாமல் அவர் வண்டி நிற்கிறதா, கை காட்டுகிறாரா என்றும் பாருங்கள்.

பெரிய சாலைகளில் பலகை இருக்கும். மஞ்சள் வைரம் தெரிந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். தலைகீழ் முக்கோணம் என்றால் வழி விடுங்கள். எண்கோண ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், ஊர்ந்து போவது நின்றதாகாது. சிக்னல் கம்பத்திலேயே இந்தப் பலகைகளில் ஒன்று மாட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். சிக்னல் எரியும்போது பலகைக்கு வேலை இல்லை. அணைந்திருந்தாலோ மஞ்சள் மட்டும் மின்னினாலோ பலகைதான் சட்டம். இரவில் பல சந்திப்புகளில் சிக்னலை அணைத்துவிடுவார்கள், அப்போது இது கைகொடுக்கும். போலீஸ்காரர் நின்று கை காட்டினால் சிக்னல், பலகை இரண்டையும் மறந்துவிடலாம்.

ரவுண்டானாவில் சுற்று இடஞ்சுழியாகப் போகும், பார்க்க வேண்டியது இடப்பக்கம். உள்ளே நுழையும்போது இண்டிகேட்டர் போடக் கூடாது, வெளியேறும்போது கட்டாயம் போட வேண்டும். வெளியேறும் வாயைக் கடக்கும் பாதசாரிக்கும் வழி விட வேண்டும்.

வலப்பக்கம் திரும்புவதுதான் என் கண்ணில் மிக ஆபத்தான திருப்பம். உங்களுக்கு வலப்பக்கம், ஓரப் பாதையில் நேராகப் போகும் சைக்கிள்காரருக்கே வழி. கண்ணாடியில் அவர் தெரியாத இடம் ஒன்று உண்டு. அதனால் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இதற்கு ‘ஷூல்ட்டர்பிளிக்’ என்று பெயர். நீங்கள் திரும்பும் தெருவைக் கடக்கும் பாதசாரிக்கும் அதே உரிமை உண்டு, ஜீப்ரா கோடு இல்லாவிட்டாலும். சைக்கிளை முந்தும்போது நகருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் பின்னாலேயே போகத்தான் வேண்டும்.

வலப்பக்கம் ஓட்டுவதற்கு ஒரே ஒரு சூத்திரம்: ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் உட்கார்ந்திருப்பார். தடம் தவறுவது நெரிசலில் அல்ல, ஆளில்லாத இடத்தில்தான். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, காலியான தெருவில் இடப்பக்கம் திரும்பும்போது, கை தன்னால் பழைய பக்கம் இழுக்கும். முதல் வாரம் வண்டி வலப்பக்கம் ஒதுங்கி, நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடியை உரசப் பார்க்கும். இண்டிகேட்டர் தண்டு இடப்பக்கம் இருப்பதால் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடும். பெடல்களின் வரிசை மாறாது.

ஆட்டோபான் என்னும் விரைவுச்சாலையில் வலப்பக்கத் தடத்தில் ஓட்ட வேண்டும், இடப்பக்கத் தடம் முந்துவதற்கு மட்டும். வலப்பக்கமாக முந்தினால் 100 யூரோ அபராதமும், ஓட்டுநரின் பெயரில் பதிவாகும் ஒரு தண்டப் புள்ளியும். முன்வண்டிக்கு விட வேண்டிய தூரம் ஸ்பீடாமீட்டர் எண்ணில் பாதி: 100 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர். போக்குவரத்து ஊர ஆரம்பித்ததுமே, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும் முன்பே, அதற்கு வழி பிரித்துவிட வேண்டும். வலது கையின் புறங்கையை உங்கள் பக்கம் வைத்து விரல்களை மேலே நீட்டுங்கள்: கட்டைவிரல்தான் இடக்கோடித் தடம், மற்ற விரல்கள் மீதித் தடங்கள். கட்டைவிரல் இடப்பக்கம் விலகும், மற்றவை வலப்பக்கம் ஒதுங்கும், நடுவில் திறப்பதுதான் ஆம்புலன்ஸின் வழி. மூன்று தடமானாலும் நான்கானாலும் இதே கணக்கு. பிரிக்காமல் நின்றால் 200 யூரோ, 2 புள்ளிகள், ஒரு மாதம் ஓட்டத் தடை.

லைசென்ஸ் விஷயம். இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், கூடவே ஜெர்மன் மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். அதற்குப் பிறகும் அதே லைசென்ஸில் ஓட்டினால் அது வெறும் அபராதத்தோடு முடியாது, குற்ற வழக்கு. அந்த அனுமதி ஓராண்டு செல்லும் என்று அட்டையில் இருந்தாலும் இந்த 6 மாதம் நீளாது. பலர் மாட்டுவது இங்கேதான். இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலும் எழுதலாம்: 30 கேள்விகள், 10 தவறுப் புள்ளிகளுக்கு மேல் போனால் தோல்வி, வழியுரிமை போன்ற 5 புள்ளிக் கேள்விகளில் இரண்டு தவறினாலும் தோல்விதான். ஓட்டும் தேர்வில் தேர்வாளர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். கண்ணை மட்டும் ஓட்டி வலப்பக்கம் பார்த்தால் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு சந்திப்பிலும் தலை திரும்ப வேண்டும்.