ஜூனோவின் சினமும் எமது இலத்தீன் வகுப்பும்

எமது கல்லூரியில் இலத்தீன் ஒரு பாடமாக இருந்தது என்பதை இம்மலரை வாசிக்கும் இளையோரில் பலர் நம்பமாட்டார்கள். உயர்தர வகுப்பில் மிகச் சிலரே அப்பாடத்தை எடுத்திருந்தோம். எமக்குக் கற்பித்த சுவாமியார் உரோமக் கவிஞன் வேர்ஜில் துரோய் வீரன் ஈனியாஸைப் பற்றிப் பாடிய ‘ஈனியட்’ காவியத்தில் இரண்டாம் காண்டத்தை வரிவரியாகப் படிப்பித்ததோடு, பரீட்சைக்கு வேண்டாத மற்றைய பதினொரு காண்டங்களின் கதையையும் ஆர்வம் மேலிடச் சொல்லி முடித்தார்.

அந்த இரண்டாம் காண்டத்தில், துரோய் நகரம் எரியும் இரவில், காதல் தெய்வமான வீனஸ் தன் மகன் ஈனியாஸின் கண்களை மறைத்திருந்த மூட்டத்தை விலக்குகிறாள். நகரை அழிப்பவர்கள் கிரேக்கர் மட்டுமல்லர் என்பதை அவன் அப்போதுதான் காண்கிறான். கடல் தெய்வம் நெப்டியூன் திரிசூலத்தால் மதில்களை அடியோடு பெயர்க்கிறான். துரோயரை வெறுக்கும் தேவராணி ஜூனோ வாளேந்தி வாயிலில் நின்று கிரேக்கப் படையைக் கூவி அழைக்கிறாள். அவள் கணவனும் தேவர்களின் அரசனுமான யூப்பிட்டரே பகைவருக்கு வலிமையூட்டுகிறான். தெய்வங்கள் கைவிட்ட நகரத்துக்காகப் போரிடுவதில் பயனில்லை என்று ஈனியாஸ் உணர்வது இங்கேதான்.

ஈனியாஸ் இத்தாலிக் கரையை அடைந்த பின்னும் ஜூனோ ஓயவில்லை. ஏழாம் காண்டத்தில் பாதாளத்திலிருந்து வெறியூட்டும் பெண்தெய்வம் அலெக்டோவை வரவழைத்து, அந்நாட்டு லத்தீனியரின் அரசி அமாத்தாவையும், அவள் மகளை மணக்க விரும்பிய இளவீரன் தேர்னுஸையும் வெறிகொள்ளச் செய்கிறாள். திறந்தால் போர் தொடங்கியதாகப் பொருள்படும் போர்க் கோயிலின் கதவுகளைத் திறக்க முதிய மன்னன் லத்தீனுஸ் மறுத்தபோது, வானிலிருந்து இறங்கித் தன் கையாலேயே அவற்றைத் தள்ளித் திறக்கிறாள். பத்தாம் காண்டத்துத் தேவசபையிலோ, தான் எல்லாருக்கும் ஒரே அரசன் என்றும் விதி தன் வழியைக் கண்டுகொள்ளும் என்றும் சொல்லி யூப்பிட்டர் ஒதுங்கிக்கொள்கிறான். இது நடுநிலையா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா என்று நாம் கேட்டபோது சுவாமியார் சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை.

காவியத்தின் உயிர்நிலை பன்னிரண்டாம் காண்டத்தில் வரும் பேரம் என்பது என் எண்ணம். துரோயின் பெயர் அழிய வேண்டும், லத்தீனியர் தம் மொழியையும் உடையையும் இழக்கக்கூடாது என்று ஜூனோ கேட்க, யூப்பிட்டர் புன்னகையுடன் இசைகிறான். வானத்தில் சமாதானம் ஆகிவிட்டது. மண்ணிலோ தேர்னுஸ் இன்னும் சாகவேண்டியிருக்கிறது. யூப்பிட்டர் ஏவிய கொடுந்தெய்வம் பறவை வடிவில் வந்து அவன் முகத்தெதிரே சிறகடிக்க, அவன் உடல் மரத்துப்போகிறது. காயமுற்று வீழ்ந்தவன் இரந்து நிற்கையில் ஈனியாஸின் கை தயங்கவே செய்கிறது. ஆனால் தேர்னுஸால் கொல்லப்பட்ட தன் இளந்தோழன் பல்லாஸின் கச்சையைத் தேர்னுஸின் தோளில் கண்டதும் சினம் மூண்டு வாளைப் பாய்ச்சுகிறான். அந்தக் கணத்தில் எந்தத் தெய்வமும் அவனை ஏவவில்லை என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

வேர்ஜிலுக்குப் பின் வந்த உரோமக் கவிஞன் லூகனை நான் புலம்பெயர்ந்த பின்னரே படித்தேன். பேரரசன் நீரோவின் ஆணையால் கி.பி. 65இல், 25 வயதில் உயிர்விட்ட அக்கவிஞன், உரோமத் தளபதிகளான சீசருக்கும் பொம்பேயுக்கும் நடந்த உள்நாட்டுப் போரைப் பாடுகையில் இத்தகைய தெய்வத் தலையீடுகளையே விலக்கிவிட்டான். அதில் கி.மு. 48இல் சீசர் வென்ற பர்சாலஸ் போரைச் சொல்லுமிடத்தில், எமக்குத் தெய்வங்களே இல்லை என்று அவன் குமுறுகிறான். யூப்பிட்டர் கையில் இடியை வைத்துக்கொண்டு இப்படுகொலையைப் பார்த்திருப்பானா, குற்றமற்ற மலைகளையும் மரங்களையும் தாக்கிவிட்டுச் சீசரின் தலையைப் பின்னாளில் அவனைக் கொன்றவருள் ஒருவனான காசியஸுக்கு விட்டுவிடுவானா என்று அவன் கேட்கும் வரிகளைச் சுவாமியார் எமக்குச் சொன்னதேயில்லை. குருவானவர் ஒருவர் அவற்றைப் பதின்ம வயதுப் பையன்களிடமிருந்து மறைத்ததில் வியப்பில்லை.