மாண்ட் முறை மறந்துபோன பிள்ளைக்கு

“மிஸ், நேற்று ராத்திரி எல்லாம் தெரிந்தது. வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றுமே வரவில்லை.” பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தும் எனக்கு, இந்தப் பேச்சு காதில் விழாத திருப்புதல் தேர்வே கிடையாது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளைகள். தனக்கு ஞாபக சக்தியே இல்லை என்று அவர்கள் நொந்துகொள்வதை என்னால் தாங்க முடிவதில்லை. அம்மாக்களோ வல்லாரை மாத்திரை வாங்கித் தரலாமா என்று கேட்கிறார்கள்.

கோளாறு படிக்கும் விதத்தில் இருக்கிறது. புத்தகத்தை விரித்துவைத்து ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியும் தெரிந்த முகம்போல ஆகிவிடும். பெயர் கேட்டால்தான் தடுமாறுவோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி மறுபடி படித்த மாணவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

அதனால் என் வகுப்பில் புத்தகத்தை மூடச் சொல்வேன். நினைவில் உள்ளதை எழுத வேண்டும், பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். மறுநாளும் அடுத்த வாரமும் அதே பாடம். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். சிலர் அழுதும் விடுவார்கள். இருக்கட்டும், அந்தச் சிவப்பு மார்ச்சில் வருவதைவிட இப்போது வருவது நல்லது.

தேர்வறையில் மறந்தால்? பதற்றம் கூடக்கூட, தெரிந்ததும் வெளியே வராது. ஒரு மாணவிக்கு, நிக்கலைத் தூய்மையாக்கும் மாண்ட் முறையின் வெப்பநிலைகள் வரவில்லை. நிக்கல், கார்பன் மோனாக்சைடு என்று தெரிந்ததை எழுதத் தொடங்கினாள். நிக்கல் டெட்ராகார்பனைல் வந்தது, சமன்பாடு வந்தது, கடைசியில் 350 கெல்வினும் 460 கெல்வினும் வந்தன. அப்படியும் வராவிட்டால் இடம் விட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட வேண்டும். பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில், நன்றாகத் தெரிந்த வினாக்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. தேர்வுக்கு முந்திய இரவு பிள்ளையைத் தூங்க விடுங்கள். படித்தது மூளையில் பதிவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. பயம் அளவு மீறினால் தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ஐ அழைத்து, ஆலோசகரிடம் பிள்ளையையே பேசச் சொல்லுங்கள்.