வாலில் இருந்த வெள்ளை

நுவரெலியா விக்டோரியா பூங்காவின் பின்புறத்தில், ஓடையை ஒட்டிய புதர்களுக்கிடையில், ஜனவரி மாதத்து ஒரு காலையில் நான் 140 படங்கள் எடுத்தேன். அவற்றில் 40க்கும் மேற்பட்டவை ஒரே பறவையுடையவை. அந்தப் பறவைக்கு நான் அங்கேயே ஒரு பெயரைச் சூட்டி, குறிப்பேட்டிலும் எழுதிவிட்டேன். பெயர் தவறு என்பது இரவில், தங்குமிடத்துக் கட்டிலில் அமர்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஹற்றனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன் நான். ஆறுமணிக்குருவி, செம்பகம், கொண்டைக்குருவி, வாலாட்டி என்று பெயர் சொல்லத் தெரிந்த பறவைகள் ஒரு இருபதுக்குள் அடங்கிவிடும். மிச்சமுள்ளவை எல்லாம் எங்கள் வீட்டில் ‘குருவி’தான். அந்த மிச்சத்தைப் பிரித்தறிய வேண்டும் என்ற ஆசையில், மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய கமராவையும் 300 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். இந்தப் பயணத்தில் என்னோடு வந்தவன் அக்காவின் மகன். பதினைந்து வயது, கமரா கிடையாது, கண் மட்டும் மிகக் கூர்மை.

தலவாக்கலை, நானுஓயா வழியாக விடியற்காலை பஸ்ஸில் நுவரெலியாவை அடைந்தபோது, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக் குளிர் விரல்களை மரக்கச் செய்திருந்தது. விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை நினைவுகூர்ந்து 1897இல் பெயரிடப்பட்ட அந்தப் பூங்காவுக்குப் பூக்களைப் பார்க்க வருபவர்களே அதிகம். பறவை பார்ப்பவர்களோ பூப்பாத்திகளைத் திரும்பியும் பாராமல், நகரத்துக் குப்பை மிதந்து வரும் ஓடைக்கரைக்கு நேராகப் போய்விடுவார்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நிழலும் ஈரமும் பூச்சியும் சேர்ந்த இடம் அதுவாகையால், இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு இறங்கி வரும் பறவைகள் அங்கேதான் ஒதுங்குகின்றன.

கையளவுகூட இல்லாத ஒரு பழுப்புப் பறவை தாழ்ந்த கிளையிலிருந்து பாய்ந்து, காற்றில் எதையோ கொத்திக்கொண்டு, அருகிலேயே திரும்ப அமர்ந்தது. ஈபிடிப்பான் என்பதில் ஐயமில்லை. மேலே பழுப்பு, கீழே மங்கல் வெள்ளை, பெரிய கருங்கண். குளிர்காலத்தில் இலங்கைக்கு வரும் பழுப்பு ஈபிடிப்பானை நான் எங்கள் தோட்டத்திலேயே பார்த்திருந்ததால், இதுவும் அதுவே என்று முடிவுகட்டினேன்.

“மாமா, இது வாலத் தூக்கித் தூக்கி ஆட்டுது பாருங்க” என்றான் பையன்.

நான் பார்க்கவில்லை. மரநிழலில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் வேகம் நொடியின் நூறில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது, கமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றுவதா, 3200க்கு ஏற்றுவதா என்ற கவலையில் என் கண் பறவையின் மேல் இல்லை, பொத்தான்களின் மேல் இருந்தது. புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு நேரும் கேடு இது: கமரா கையில் வந்ததும் பார்ப்பதை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

இரவில் பார்த்தபோது, தெளிவாக விழுந்த படங்கள் எல்லாமே பறவையை முன்பக்கமாகக் காட்டின. கண்ணில் ஒளிப்புள்ளி, நகம் பற்றிய கிளை, எல்லாம் அழகு. அடையாளத்துக்கு ஒன்றும் உதவவில்லை. உதவியது, அழிப்பதற்காக ஒதுக்கியிருந்த ஒரு படம். பறவை கிளையை விட்டுக் கிளம்பிய கணம் அது. தலை கலங்கியிருந்தது, இறக்கை வெறும் தீற்றலாக இருந்தது, ஆனால் விரிந்த வால் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. கரிய வால், அதன் அடிப்பகுதியில் இரு பக்கமும் வெள்ளை. பழுப்பு ஈபிடிப்பானின் வாலில் வெள்ளை கிடையாது. நாங்கள் பார்த்தது காஷ்மீர் ஈபிடிப்பானின் பெட்டை. இமயமலையின் வடமேற்கில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இலங்கை மலையகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தப் பறவை, அழியும் அபாயத்தை எதிர்நோக்கும் இனங்களில் ஒன்று. இதற்காகவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் நுவரெலியாவுக்கு வருகிறார்கள். நானோ அதை 40 படம் எடுத்துவிட்டு, எங்கள் தோட்டத்துப் பறவை என்று எழுதிவைத்திருந்தேன். வாலைப் பற்றி முதலில் சொன்னவன் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஹோட்டன் சமவெளி. பட்டிப்பொலப் பக்கமாக ஏறும் பாதையில் ‘அரெங்கா குளம்’ எனப்படும் சிறு நீர்நிலை உண்டு. இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவிக்கு 1872இல் இடப்பட்ட அறிவியல் பெயரின் முற்பகுதிதான் அரெங்கா. பிற்பகுதி, சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயரிலிருந்து வந்தது. காட்டுப் பள்ளங்களில் ஓடும் நீரை விட்டு அகலாத அந்தப் பறவை, இருள் பிரியும் வேளையிலும் இருள் சேரும் வேளையிலும்தான் வெளிப்படும். எங்களுக்குக் கிடைத்தது கூரான சீழ்க்கை இரண்டும், பாறைக்குக் குறுக்கே பறந்த ஒரு கருநீல உருவமும் மட்டுமே. இம்முறை நான் கமராவைத் தூக்கவில்லை. அந்த இருட்டில் எந்தப் படமும் விழுந்திருக்காது என்பதும் உண்மைதான்.

வெயில் ஏறிய பிறகு எல்லாம் எளிதாயிற்று. மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி இலங்கைக்கு வெளியே எங்கும் இல்லாத பறவை; ஆனால் இந்த உயரத்தில் அதைக் காணாமல் இருப்பதுதான் கடினம். வெளுத்த வானத்தின் எதிரே அமர்ந்த பறவை வெறும் கறுப்பு நிழலாக விழுந்ததால், வெளிச்ச ஈடுசெய்தலை ஒரு படி கூட்டினேன். அதன் பிறகு காதோரத்து மஞ்சள் தெளிந்தது. மங்கல்நீல ஈபிடிப்பான் ஒன்று பாதையோர மரக்கட்டையில் ஐந்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருந்தது. இம்முறை முதலில் பைனாகுலரில் பார்த்தேன்: நெற்றி, புருவம், தொண்டை, வால் என்று பையன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்ட பிறகே கமராவை எடுத்தேன். அப்போதும் பறவை அங்கேயே இருந்தது.

பிற்பகலில் மீண்டும் விக்டோரியா பூங்காவுக்கு வந்து காஷ்மீர் ஈபிடிப்பானின் சேவலை, அதாவது ஆண் பறவையை, தேடினோம். முதல்நாள் எங்களைக் கவனித்திருந்த தோட்டக்காரப் பெரியவர் ஒருவர், “அந்தச் செவப்பு நெஞ்சுக் குருவியா தம்பி? நாத்துமேட்டுப் பக்கம் போங்க. சித்திரைக்குள்ள அது கெளம்பிரும்” என்று வழிகாட்டினார். அங்கேயே இருந்தது. செம்மஞ்சள் தொண்டையையும் நெஞ்சையும் கறுப்புக் கரை கட்டியிருந்தது. அந்தக் கரைதான் இதை வேறு செந்நெஞ்சு ஈபிடிப்பான்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது. ஆறு படங்கள் மட்டும் எடுத்தேன். அவற்றில் மூன்று, வாலுக்காக.

ஊர் திரும்பும் பஸ்ஸில் குறிப்பேட்டைத் திருத்தினோம். இரண்டு நாளில் 31 இனங்கள். முப்பத்திரண்டாவது, ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் உச்சிக்கிளையில் கண்ட பச்சைநிற இலைக் கதிர்க்குருவி. குளிர்காலத்தில் மலையகத்துக்கு வரும் இலைக் கதிர்க்குருவிகளில் இரண்டு இனங்கள் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்தறியக் குரலையே நம்ப வேண்டும். என்னிடம் அதன் படங்கள் 12 இருக்கின்றன, மிகத் தெளிவானவை. குரலைக் கைபேசியில் பதிந்துகொள்ள இருவருக்கும் தோன்றவில்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் பையன் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்திருக்கிறான்.