வரவேற்புக்கு என்ன வாசிக்கச் சொல்வது?

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் மண்டபம் முடிவாகும். பிறகு சமையல்காரர், பிறகு படம் பிடிப்பவர், அதற்கும் பிறகு மேடை அலங்காரம். பாட்டுக் கச்சேரியைப் பற்றிய பேச்சு பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் எழும். அதுவும் வரவேற்பு நேரத்துக்குக் கீழே 'இன்னிசை' என்று ஒரு வரி சேர்க்கலாமா வேண்டாமா என்ற கேள்வியாகவே எழும். என் தங்கை மகளின் கல்யாணத்தில் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. தாய்மாமன் சீருக்குத் தயாராகிக்கொண்டிருந்த எனக்கு இது கூடுதலாக வந்த சீர்.

பெண்ணைக் கேட்டேன். "டி.ஜே. இல்லைன்னா என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சாப்பிட்டுட்டுக் கெளம்பிருவாங்க மாமா" என்றாள். என் தந்தையை, அதாவது அவளுடைய அப்புச்சியைக் கேட்டேன். "என்ன பாட்டு வேண்ணாலும் வெய்யி கண்ணு. பக்கத்துல உக்காந்திருக்கறவன் பேசறது மட்டும் காதுல விழோணும்" என்றார். குழுக்களைத் தேடி அலைந்தபோது கேட்ட எந்த யோசனையையும்விட இந்த ஒரு வரிதான் எனக்கு அளவுகோலாக நின்றது.

ஏனென்றால் கொங்குப் பகுதியின் வரவேற்பு, நாற்காலியில் அமர்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்கும் கச்சேரி அன்று. பல்லடம், காங்கயம், தாராபுரம், கோபி என்று பல திசைகளிலிருந்தும் உறவினர்கள் தோதுப்பட்ட நேரத்தில் வருகிறார்கள், வரிசையில் நின்று மேடையேறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பந்திக்குப் போகிறார்கள், மொய் எழுதுகிறார்கள், இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில், ஓராண்டாகப் பார்க்காத பங்காளியின் பக்கத்தில் அமர்ந்து யார் வீட்டில் பெண் இருக்கிறது, மஞ்சள் என்ன விலைக்குப் போனது, புதிதாகப் போட்ட போரில் தண்ணீர் வந்ததா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஏழு மணிக்கு இருந்த கூட்டம் எட்டரை மணிக்கு இருப்பதில்லை. அந்த அரைமணி நேரப் பேச்சைக் கெடுக்கும் இசை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் வரவேற்புக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

சில காலத்துக்கு முன் உறவினர் ஒருவரின் வீட்டு வரவேற்பில், மேடையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மரியாதைக்காகப் பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைப்பது நம் வழக்கம். ஆகவே மொத்தச் சத்தமும் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் காதுகளில்தான் இறங்கியது. பின்வரிசைக்கோ சொற்கள் புரியாத இரைச்சல் மட்டுமே போய்ச் சேர்ந்தது. பின்னால் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, சவுண்ட்காரர் இன்னும் ஏற்றினார். சற்று நேரத்தில் முன்வரிசையே காலியாகிப் பந்திக் கூடத்துக்கு வெளியே திண்ணையில் கூடிவிட்டது.

இதில் பாடியவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை. நம் மண்டபங்கள் பெரும்பாலும் கிரானைட் தரையும் கண்ணாடிச் சன்னல்களும் உயரமான மேற்கூரையுமாகக் கட்டப்பட்டவை. ஒலியை உறிஞ்சும் பொருள் எதுவும் இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்தே கூடும். இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதிலாகச் சிறிய பெட்டிகளைக் கூடத்தின் நீளத்துக்குப் பரவலாக வைத்து, ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் ஒலிக்கச் செய்வதே இதற்கு வழி. நேருக்கு நேர் பேசும் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். பின்னணி இசை அதற்குக் கீழே நின்றால்தான் அப்புச்சி கேட்ட வரம் கிடைக்கும். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, முன்வரிசை நாற்காலி ஒன்றில் நீங்களே அமர்ந்து பார்ப்பது நல்லது. செயலியின் கணக்கு துல்லியமாக இராது. ஆயினும் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதற்கு அது போதும். காலியான கூடத்தில் சரிபார்த்த அளவு, கூட்டம் நிறைந்தபின் மாறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மனித உடலும் பட்டுப்புடவையும் ஒலியை நன்றாகவே உறிஞ்சும்.

ஒலி தீர்மானமான பிறகே கலைஞர்களைத் தேடினேன். வரவேற்பின் முதல் பகுதியை நாதஸ்வரத்துக்குக் கொடுத்தோம். முகூர்த்தத்துக்கு மட்டும் மேளக்காரரை அழைத்துவிட்டு மாலையில் அவரைச் சும்மா உட்கார வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஏனென்றால் கெட்டிமேளத்துக்குக் காத்திருக்க வேண்டிய பரபரப்பு இல்லாத மாலை நேரத்தில்தான் அவரால் ஒரு கல்யாணி ராகத்தையோ மோகனத்தையோ நிதானமாக விரித்து வாசிக்க முடிகிறது. அன்று மண்டபம் நிறைவதற்குமுன் வித்வான் நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை உதட்டில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல் கழற்றி, கயிற்றில் தொங்கிய மற்றொன்றைப் பொருத்தினார். பக்கத்தில் தவில்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். மணமக்களின் வரவுக்காக வாசலில் நின்ற சிறுவர்கள் எல்லோரும் அங்கே வந்து சூழ்ந்துகொண்டார்கள். திறந்த வாசலில் ஒலிபெருக்கியே இல்லாமல் வாசிக்கலாம் என்பது நாதஸ்வரத்தின் இன்னொரு வசதி.

கோவையும் பொள்ளாச்சியும் பாலக்காட்டுக்கு அடுத்தே இருப்பதால் மணமக்கள் நுழைவுக்குச் செண்டை மேளம் கேட்காத வீடு இப்போது குறைவு. பெரும்பாலும் வருவது சிங்காரி மேளம். ஆடிக்கொண்டே அடிப்பார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். வாசலில் கால்மணி நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. கூடத்துக்குள் கொண்டுவந்தால் அதைவிடக் கொடுமையும் இல்லை. நம் ஊர் ஜமாப்புக்கும் துடும்புக்கும் இதே விதிதான். அவை திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியங்கள்.

வள்ளி கும்மியை வைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஆசை. மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, இந்தக் கலையை அறியாத வெளியூர்க்காரர்களும் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடுவது என்பதால் கல்யாணத்துக்குப் பொருத்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் பாட, ஒரே நிறப் புடவையில் பெண்களும் வேட்டியில் ஆண்களுமாகப் பலர் வட்டம் போட்டு ஆடும் ஆட்டத்துக்கு நாற்காலிகளுக்கு நடுவே விட்ட சந்து போதாது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பகுதியைக் காலி செய்து, விளக்குப் போட்டு, தரையில் கல் பொறுக்கி வைக்க வேண்டும். முழுக் கதையையும் ஆடினால் இரவு நெடுநேரம் ஆகும் என்பதால், எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்று ஆசிரியரிடமே கேட்டு முடிவு செய்வதுதான் முறை. எங்கள் உறவுக்காரப் பெண்கள் சிலர் ஊரில் கும்மி பழகியவர்கள் என்பதால், கடைசி வட்டத்தில் பட்டுப்புடவையோடு அவர்களும் இறங்கிவிட்டார்கள்.

பட்டிமன்றம், மிமிக்ரி ஆகியவற்றை நாங்கள் முதலிலேயே விலக்கிவிட்டோம். நகைச்சுவையின் கடைசி வரி வரும்போது கேட்பவர் பந்திக்கு எழுந்து போயிருப்பார். மணமக்களுக்கு விளையாட்டு வைக்கும் தொகுப்பாளரும் வேண்டாம் என்றேன். மணிக்கணக்கில் நின்று கைகூப்பிக்கொண்டிருப்பவர்களைப் பலூன் உடைக்கச் சொல்வது என்ன நியாயம்?

நடுநேரத்துக்குப் புல்லாங்குழல், வயலின், கீபோர்டு, தபலா என நால்வர் குழு. சொற்கள் இல்லாத இசைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று காதல் தோல்விப் பாட்டை மணமேடையில் பாடிவைக்கும் விபத்து நேராது. பாடகர்களை அழைப்பவர்கள் பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, மெட்டை மறந்துவிட்டுச் சொற்களை மட்டும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். எல்லா வாத்தியமும் நேரில் வாசிக்கப்படுமா, பாதி முன்பே பதிவு செய்த ட்ராக்கில் ஓடுமா என்பதையும் விலை பேசும்போதே கேட்டுவிடலாம். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் கீபோர்டு அணைந்துவிடும். அதற்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும்.

டி.ஜே.யை ஒன்பது மணிக்குமேல், பந்தி ஓய்ந்தபிறகு, கதவடைத்த சிறிய கூடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது; மூடிய அரங்குகளுக்கு விலக்கு இருந்தாலும், சத்தம் வெளியே போய்ப் பக்கத்து வீட்டாரை எழுப்பினால் அந்த விலக்கைக் காட்டி வாதாடுவது அழகல்ல. திரைப்பாடல் ஒலிபரப்ப உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்தையும் திருமணம் சார்ந்த பிற சமூகக் கொண்டாட்டங்களையும் இதிலிருந்து விலக்கியிருக்கிறது. மத்திய அரசும் 24.7.2023 அன்று வெளியிட்ட பொது அறிவிப்பில் அதையே வலியுறுத்தியது. அந்த அறிவிப்பின் நகலைக் கைப்பேசியில் வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தைய மாலையில் நடப்பதால், ஒருபுறம் மேடையில் கச்சேரி ஓடும்போதே மறுபுறம் சீர்கள், அதாவது கல்யாணச் சடங்குகள், தொடங்கிவிடும். அவற்றை நடத்திவைக்கும் அருமைக்காரர் சொல்வது யாருக்கும் கேட்காமல், கைச்சாடையால் சீர் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சீர்களின் நேரத்தை அருமைக்காரரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நேரங்களில் இசை நிற்கும் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் அந்த இடைவெளியில்தான் சாப்பிட்டார்கள்.

மாலையில் வாசித்த மேளக்காரர்களே விடியற்காலை முகூர்த்தத்துக்கும் வாசிக்க வேண்டும். மண்டபத்து அறைகளைப் பிரிக்கும்போது அவர்களுக்கென்று ஓர் அறையை எழுதி, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதற்குள் சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த அறையில் யாருடைய பெட்டியாவது முதலில் போய்விடும்.