14,000 மைல் கணக்கும் 90 நாள் கடிதமும்

நியூஜெர்சியில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். எடிசன், பிரிட்ஜ்வாட்டர், பிரின்ஸ்டன் என்று மாணவர்கள் வீட்டுக்குக் காரில்தான் ஓட்டம். 2021 வருமான வரி ரிட்டர்னில் 14,000 மைல், மைலுக்கு 56 சென்ட் வீதம் 7,840 டாலரைத் தொழில் செலவாகக் கழித்திருந்தேன். குறிப்பேடு எதுவும் இல்லை. ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தவர் எத்தனை மைல் இருக்கும் என்று கேட்டார், உத்தேசமாகச் சொன்னேன்.

2023 ஜூனில் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆதாரம் கேட்டு எழுதியது. யாரும் நேரில் வரவில்லை, முழுக்கத் தபால்வழி ஆடிட். ஒரே இரவில் எக்செலில் பட்டியல் போட்டு அனுப்பினேன். அது எடுபடவில்லை. ரசீது குறைவாக இருந்தாலும் நியாயமான மதிப்பீட்டை ஏற்கலாம் என்று 1930-இல் ஜார்ஜ் கோஹன் என்ற நாடகக் கலைஞரின் வழக்கில் தீர்ப்பு உண்டு. கார் செலவுக்கு அது பொருந்தாது. தேதி, இடம், தூரம், போன காரணம் நான்குக்கும் ஆதாரம் வேண்டும் என்பது சட்டம்.

முழுத் தொகையையும் தள்ளி, 2,390 டாலர் வரியும் அதன்மேல் 20% தண்டமாக 478 டாலரும் போட்டு அடுத்த கடிதம் வந்தது. 30 நாளுக்குள் ஐ.ஆர்.எஸ்.ஸின் மேல்முறையீட்டுப் பிரிவான அப்பீல்ஸுக்கு எழுதியிருக்கலாம். அப்பாவின் அறுவை சிகிச்சைக்காகத் திருச்சியில் இருந்தேன். திரும்பியபோது கெடு தாண்டிவிட்டது.

2024 ஜனவரியில் சர்டிஃபைட் மெயிலில் வந்ததுதான் 90 நாள் கடிதம்: இந்த வரியை ஏற்காவிட்டால் 90 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுப் போடு என்று சொல்வது. இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த 90 நாள் கெடு, கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து ஓடுகிறது, கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. கடைசித் தேதி கடிதத்திலேயே அச்சாகியிருக்கும். ஃபோன் செய்தாலும் கூடுதல் காகிதம் அனுப்பினாலும் அது நகராது. வரியைக் கட்டாமலே வழக்காட வழி தருவது வரி நீதிமன்றம். தேதியைத் தவறவிட்டால், முதலில் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்டு வேறு நீதிமன்றம் போக நேரும்.

வரி நீதிமன்றத்தில் மனுப் போடக் கட்டணம் 60 டாலர். டாசன் என்ற நீதிமன்ற இணையதளத்தில் நானே மனுப் போட்டேன். ஓர் ஆண்டுக்கான சர்ச்சை 50,000 டாலருக்குள் என்றால் ‘சிறு வழக்கு’ கேட்கலாம். நடைமுறை எளிது, ஆனால் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மனுவில் எழுதக் கூடாது, அதற்குத் தனிப் படிவம். விசாரணை ஊராக நியூயார்க்கைக் குறித்தேன்.

மனு போன பிறகு கோப்பு அப்பீல்ஸுக்கே வந்தது. இந்த முறை உருப்படியாகத் தயாரானேன். பழைய ஆயில் சேஞ்ச் பில்களைத் தேடி எடுத்தேன். 2021 ஜனவரி பில்லில் ஓடோமீட்டர் 41,206, டிசம்பர் பில்லில் 58,934. கார் அந்த ஆண்டு எவ்வளவு ஓடியது என்பதற்குச் சாட்சியான, எண்ணெய்க் கறை படிந்த அந்த இரண்டு தாள்கள்தான் என்னைக் காப்பாற்றின. ஃபோன் காலண்டரில் இருந்த வகுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெற்றோர் பணம் அனுப்பிய தேதியோடு பொருத்தி, வீட்டுக்கு வீடு தூரம் குறித்தேன். மூன்று வாரம் ஆனது.

அப்பீல்ஸ் அதிகாரி ஃபோனில் 40 நிமிடம் பொறுமையாகக் கேட்டார். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் யார் பக்கம் எவ்வளவு நிற்கும் என்று எடைபோட்டு முடிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆடிட் செய்கிறவர்களுக்கு இல்லை. 9,600 மைலை ஏற்றார், தண்டத்தை நீக்கினார். தேதி சொல்ல முடியாத மைல்களை நான் விட்டுக்கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒப்பந்தத் தாளில் நானும் அரசு வழக்கறிஞரும் கையெழுத்திட்டோம், நீதிபதி அதையே தீர்ப்பாகப் பதிந்தார். நியூயார்க் போகவே வேண்டியிருக்கவில்லை. மிச்ச வரி 751 டாலர், அதற்கு 2022 ஏப்ரல் 18-லிருந்து வட்டி. ஃபெடரல் கணக்கு மாறினால் நியூஜெர்சிக்கும் 90 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதால், திருத்திய மாநில ரிட்டர்னை அந்த வாரமே அனுப்பினேன்.