நட்டதும் தானாக முளைத்ததும்: ஒரு சுவீடன் காட்டு நாட்குறிப்பு

மே 10

பனி உருகிவிட்டது, கொசு இன்னும் வரவில்லை. காட்டுக்குள் போக இதைவிட நல்ல சமயம் கிடையாது. என்னோடு வேலை பார்ப்பவரின் மாமனாருக்கு வெஸ்ட்மன்லான்ட் மாகாணத்தில் கொஞ்சம் காடு இருக்கிறது. இந்த நாட்டில் காட்டில் ஏறக்குறைய பாதி இப்படித் தனி ஆட்கள் கையில்தான். இந்தக் கோடையில் இளமரங்களைக் கலைத்துவிட, அதாவது நெருக்கத்தில் சிலதை வெட்டி மற்றதற்கு இடம் விட, ஆள் வேண்டும் என்றார், நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரைப் பெரியவர் என்றே இங்கே எழுதப்போகிறேன்.

இது 2014-இல் எரிந்த நிலம். தீ பிடித்த கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. மரம் வெட்டி முடித்த இடத்தில் புது நடவுக்காக மண்ணைக் கிளறும் வண்டி ஒன்று உண்டு, பின்பக்கம் நம்மூர் சட்டிக் கலப்பை மாதிரி இரும்புத் தட்டுகள் சுழலும். ஜூலை 31 அன்று நல்ல வெயில், தரையெல்லாம் காய்ந்து கிடந்தது. அப்படி ஒரு வண்டி வேலை செய்துகொண்டிருந்த இடத்தில்தான், தட்டு கல்லில் உரசிப் பொறி பறந்து, தீ பிடித்தது. புதுக் காடு நடுவதற்கான வேலையில் பிடித்த தீ 13,000 ஹெக்டேருக்கு மேல் எரித்துவிட்டுத்தான் அடங்கியது. ஒருவர் இறந்தார், ஆயிரம் பேர் அளவில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அப்புறம் அந்த நிலம் இரண்டாகப் பிரிந்தது. 6,000 ஹெக்டேருக்கு மேல் காப்பகமாகிவிட்டது, பெயர் ஹெல்லெஸ்கூக்ஸ்பிரென்னன். அங்கே இயற்கை செய்வதைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். வெளியே பெரியவரைப் போன்றவர்கள் கருகிய மரத்தை வெட்டி விற்று, மண்ணைக் கிளறி, மறுபடி நட்டார்கள். ஒரே தீ, ஒரே மண், இரண்டு வழி. எது ஜெயித்தது என்று பார்க்கும் ஆசையில்தான் நான் போகிறேன், பிரஷ் கட்டர் என்ற புதர் வெட்டும் இயந்திரத்தைப் பிடிக்கும் ஆசையில் அல்ல.

மே 25

கலைப்பதற்கு முன்னால் எண்ண வேண்டும். பெரியவரிடம் ஒரு கயிறு இருக்கிறது, நீளம் 5.64 மீட்டர். நடுவில் ஒரு கம்பை ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினால் நூறு சதுர மீட்டர். உள்ளே இருக்கும் மரங்களை எண்ணி நூறால் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை என்று வந்துவிடும்.

முதல் வட்டத்தில் பைன் மட்டும் இருபத்தேழு. இதில் எது நட்டது என்று கேட்டேன். அவர் குனிந்து ஒரு கன்றின் கிளைகளைப் பிரித்துக் காட்டினார். பைன் ஆண்டுக்கு ஒரு சுற்றுக் கிளை விடும், கீழிருந்து சுற்றுகளை எண்ணினால் வயது. நட்டவை எல்லாம் ஒரே வயது, கலப்பை போன சால் ஓரமாக இரண்டு இரண்டரை மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. தானாக வந்தவற்றுக்குச் சுற்று ஒன்றிரண்டு குறைவு, இரண்டு மூன்றாகச் சேர்ந்து எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. அப்படிப் பார்த்தால் நட்டவை பதினாறு, மற்றவை சும்மா வந்தவை. பிர்ச் என்ற வெள்ளைப்பட்டை மரத்தை எண்ணவே இல்லை, அது ஒரு மூங்கில் தட்டி மாதிரி நெருக்கம்.

ஆக இவர் "நட்ட காடு" என்று சொல்வதில் பைனிலேயே பத்தில் நாலு நடாத மரம். நாற்றுக்குக் கொடுத்த காசை நினைத்தால் எனக்கே வலித்தது, அவருக்கு வலிக்கவில்லை.

ஜூன் 7

ஏன் நட்டீர்கள், விட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு நீளமாகப் பதில் வந்தது. நினைவில் நிற்பதை எழுதிவைக்கிறேன்.

வெட்டினால் மறுபடி காடு வரவைத்தே ஆக வேண்டும் என்பது இங்கே 1903 முதல் சட்டம். நட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை, ஹெக்டேருக்கு ஐம்பதிலிருந்து நூற்றைம்பது வரை நல்ல தாய்மரங்களை நிற்கவிட்டு விதை விழவைத்தாலும் சரிதான். ஆனால் இவருக்குத் தாய்மரமே மிஞ்சவில்லை. பைன் விதை வெகுதூரம் போகாது, பெரும்பாலும் மரத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். பிர்ச் விதையோ பொடி மாதிரி, காற்று எங்கே கொண்டுபோனாலும் போகும். சும்மா விட்டிருந்தால் ஓரத்தில் பைன், நடுவில் வெறும் பிர்ச்.

இன்னொன்று, பைன் காய் முற்ற இரண்டு கோடை வேண்டும். இன்னும் வடக்கே போனால் கோடை குளிர்ந்துவிட்ட ஆண்டுகளில் விதை முற்றுவதே இல்லை, நல்ல விதை ஆண்டுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் புல்லும் ஹீதர் புதரும் கிளறிய மண்ணை மூடிவிடும். நாற்று வாங்கினால் இந்தக் கவலை இல்லை, அதுவும் தேர்ந்தெடுத்த மரங்களை ஒட்டுக்கட்டி வளர்த்த விதைத்தோட்டத்து நாற்று என்றால் வேகமாகவும் வளரும். சுவீடன் முழுக்க ஆண்டுக்கு நாற்பது கோடி நாற்று அளவில் நடுகிறார்கள்.

சரி, எனக்குப் புரிந்தது. ஆனால் நட்ட பைன்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், கிளை என் கட்டைவிரலைவிடத் தடிமன். இடைவெளி தாராளம், கிளை பெருத்துவிட்டது, நாளைக்குப் பலகையில் அதெல்லாம் பெரிய பெரிய முடிச்சு. நெருக்கடியில் முளைத்தவை ஒல்லியாக, நேராக, கிளை மெலிந்து நிற்கின்றன. தச்சன் எதை எடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 21

நடுக்கோடை விடுமுறை. ஊரெல்லாம் ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும், நான் காப்பகத்துக்குப் போனேன். பார்வைக் கோபுரத்திலிருந்து பார்த்தால் இன்னும் சாம்பல் நிறக் கம்பங்கள்தான் கண்ணில் படுகின்றன, கீழே இறங்கி நடந்தால்தான் பச்சை. தரையின் மக்கு பல இடங்களில் மண் தெரியும் வரை எரிந்து போனதால் வேர் பிடிப்பில்லாமல் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. நடப்பதற்குள் முழங்கால் போய்விட்டது.

இங்கே அதிசயம் ஆஸ்பென் மரம். வழக்கமாக அது வேரிலிருந்துதான் கிளம்பும், விதையிலிருந்து வருவது அபூர்வம். விதை தூசி அளவு, சில வாரம்தான் உயிரோடு இருக்கும், விழும் இடம் ஈரமான வெறும் மண்ணாக இருக்க வேண்டும். தீ அந்த வெறும் மண்ணைக் கொடுத்தது. எங்கு பார்த்தாலும் விதையில் வந்த ஆஸ்பென், கூடவே பிர்ச், வில்லோ, நடுநடுவே பைன். யாரும் காசு கொடுத்து வாங்க நினைக்காத மரங்கள்.

தீக்குப் பிந்தைய ஆண்டில் இங்கே நீல ஜெரானியம் பூத்துக் கிடந்ததாம். பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து, சூடு பட்டால்தான் முளைக்கும் விதை அது. இப்போது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அடுத்த தீ வரும்வரை வராது. இதை எந்த நாற்றங்காலும் விற்காது. கணுக்காலில் இரண்டு உண்ணி, அதுவும் இலவசம்.

ஜூலை 12

கலைப்பு ஆரம்பம். இலை விட்ட மரத்தைக் கோடையில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது குறையும் என்பதால் இப்போதே. ஹெல்மெட், காது மூடி, தோளில் பட்டை, அதில் தொங்கும் பிரஷ் கட்டர். மாட்டு ஈக்கு ஹெல்மெட் ஒரு பொருட்டே இல்லை.

ஹெக்டேருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மரம் நிற்க வேண்டும், மற்றது போக வேண்டும். இரண்டு மீட்டர் நடந்து, நின்று, எது நிற்கட்டும் என்று முடிவு செய்து, வெட்டி, மறுபடி இரண்டு மீட்டர். நட்டது தானாக வந்தது என்ற சண்டை எல்லாம் இந்த இரண்டு வினாடியில்தான் தீர்கிறது. பெரியவர் ஒரு நட்ட பைனை, நுனி கோணலாக இருந்தது, யோசிக்காமல் அறுத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற ஒல்லியான ஓசி மரத்தை விட்டுவைத்தார். "இதுக்குத்தானே காசு குடுத்தீங்க?" என்றேன். "காசு அப்பவே போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பிர்ச்சிலும் கொஞ்சம் விட்டுவைக்கிறார். ஓரத்தில் சிலவற்றை இடுப்பு உயரத்தில் வெட்டி நிறுத்துகிறார், மூஸ் மானுக்காம்.

ஆகஸ்ட் 30

மூஸ் பற்றித் தனியாக எழுத வேண்டும். குளிர்காலத்தில் அதற்குப் பைன்தான் சோறு. நுனியைக் கடித்துவிடும், தண்டை முறித்துவிடும், பட்டையை உரித்துவிடும். நெருக்கமாக முளைத்த இடத்தில் பத்தில் நாலு போனாலும் ஆறு நிற்கும், அளவாக நட்ட இடத்தில் நாலு போனால் பொத்தல். இடுப்பு உயரத்தில் வெட்டிய பிர்ச் வாய்க்கு எட்டும் தீனி, அதைத் தின்றுவிட்டுப் பைனை விடட்டும் என்று ஒரு கணக்கு.

இதற்குப் பயந்து பலர் பைன் வரவேண்டிய வறண்ட மேட்டிலும் ஸ்ப்ரூஸ் என்ற இன்னொரு ஊசியிலை மரத்தை நட்டுவிட்டார்கள், மூஸ் ஸ்ப்ரூஸை அவ்வளவாகத் தொடாது. 2018-இல் மழை பொய்த்தபோது அதன் விலை தெரிந்தது. தாகத்தில் தளர்ந்த ஸ்ப்ரூஸில் பட்டை வண்டு புகுந்து தெற்கிலும் மத்தியிலும் காடு காடாகக் காய்ந்துவிட்டது. தானாக முளைக்கும் மரம் குறைந்தபட்சம் இந்தத் தவற்றைச் செய்வதில்லை, பிடிக்காத மண்ணில் அது நிற்கவே நிற்காது.

பெரியவரின் மகன் சதுப்பை ஒட்டிய பள்ளத்தில் ஸ்ப்ரூஸ் நடலாம் என்கிறார். அங்கே ஈரம் உண்டு, அதனால் அது நியாயம்தான். ஆனால் அங்கே ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு பிர்ச் நிற்கிறது, அதன் நிழலில் ஸ்ப்ரூஸ் கன்றுகள் தானாகவே தலைகாட்டுகின்றன. அதையெல்லாம் வெட்டிவிட்டு ஸ்ப்ரூஸையே மறுபடி நடுவது எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் வாதம் செய்தார்கள், நான் காபியைக் கவனித்தேன்.

அக்டோபர் 18

தெற்குப் பக்கம் முடிந்தது. வடக்குச் சரிவு பாக்கி, அதைத் தொடவில்லை. அங்கே பிர்ச் குறைவு, பைன் நெருக்கம், மூஸ் தடம் நிறைய. இப்போதே இரண்டாயிரத்துக்குக் கலைத்துவிட்டால் அது தின்ற பிறகு என்ன மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குளிர்காலம் முழுக்க அதை அப்படியே விட்டு, மூஸ் முதலில் கலைக்கட்டும், மே மாதம் கயிற்றை எடுத்துப்போய் மிச்சத்தை எண்ணி அப்புறம் வெட்டலாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். பள்ளத்துக்கு ஸ்ப்ரூஸ் நாற்று சொல்லிவைப்பதையும் அதுவரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள், மகன் இன்னும் சம்மதிக்கவில்லை.