போய்ச் சேர்ந்ததும் சொல்லு

ஜனவரி 20, 2026, செவ்வாய். இரவு 1.40

தூக்கம் வரவில்லை. பதினொன்றரைக்குக் கதவைப் பூட்டிவிட்டு இறங்கினேன். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. கால் போன போக்கில் இரண்டு மணி நேரம் நடந்தேன். நின்றால் உடனே கிளம்ப வேண்டும் போலிருக்கிறது, நடந்தால் எங்காவது உட்கார வேண்டும் போலிருக்கிறது. நாலைந்து முறை போனை எடுத்துப் பார்த்திருப்பேன். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று எடுக்கும் முன்பே தெரியும்.

மூடிக் கிடந்த கடைகள் வழியாக எதிரே நாலு பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றி நெஞ்சு இறுகிவிட்டது. பக்கத்துத் தெருவில் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

அந்தச் சிரிப்பு பகல் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் கசியோப்போ, பசி, தாகம் மாதிரி தனிமையும் உடம்பு அனுப்பும் ஓர் எச்சரிக்கைதான் என்றார். பசித்தால் சாப்பாட்டைத் தேடுகிறோம். அதேபோல இந்த வலி வந்தால் மனிதர்களைத் தேடிப் போக வேண்டும். ஆனால் அது நீடித்துவிட்டால் மனம் காவல்காரன் போல விறைத்துக்கொள்கிறது. எதிரே வருகிறவரிடம் முதலில் ஆபத்து இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. தூக்கமும் துண்டு துண்டாகிறது. இதையும் அவர்தான் சொன்னார்.

நேற்று என்னைத் தெரு மாற்றிக் கூட்டிப்போனது அந்தக் காவல்காரன்தான். வேண்டியதும் மனிதர்கள், பயப்படுவதும் மனிதர்களுக்கே. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கால் எப்படி ஓரிடத்தில் நிற்கும்?

2018-இல் பிரிட்டன் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. இதற்குக்கூடவா அமைச்சர் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்க முடியவில்லை.

ஜனவரி 23, வெள்ளி. இரவு 12.50

மறுபடியும் வெளியே. மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நிலா எப்போதோ மறைந்துவிட்டது. வேட்டைக்காரன் உருவில் தெரியும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் சிரியஸ். இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது.

இப்படிக் கோடு இழுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் ஒரு நண்பன். சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இப்போது என் கண்ணில் படுகிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியது 2017-இன் நடுவில். அப்போது நாங்கள் இருவரும் இப்படித்தான் இரவுகளில் நடந்துகொண்டிருந்தோம். தெருமுனையில் பிரியும்போது, "போய்ச் சேர்ந்ததும் சொல்லுடா" என்பான். நான் சொல்லும்வரை தூங்க மாட்டான்.

சண்டை எதுவும் இல்லை. அவன் வேறு ஊருக்குப் போனான், பதில்கள் ஒரு நாள் தள்ளி வந்தன, அப்புறம் ஒரு வாரம் தள்ளி, அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம். இத்தனை நாளும் எனக்குக் கூட்டம்தான் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கிற தெருக்களாகப் பார்த்துத் தேடி நடந்திருக்கிறேன். நான் வீடு திரும்பிவிட்டேனா என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒரே ஓர் ஆள் போதும் போலிருக்கிறது.

"தூங்கிட்டியா?" என்று அடித்தேன். இந்த நேரத்தில் வேண்டாம் என்று அழித்துவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு. இரவு 1.15

நேற்றுப் பகலில் அவனுக்கு எழுதிவிட்டேன். சிரியஸைப் பார்த்ததையும், ராத்திரியில் தனியாக நடப்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். மாலையில் பதில் வந்தது: "இனிமே போனா திரும்பி வந்ததும் சொல்லு."

இன்றும் போனேன். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மணி கேட்டார். நின்று சொன்னேன். "இவ்வளவு நேரமாயிடுச்சா தம்பி" என்றார். தெரு மாறத் தோன்றவில்லை.

இப்போது வீட்டில். "வந்து சேர்ந்துட்டேன்டா" என்று அனுப்பியிருக்கிறேன். ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. தூங்கியிருப்பான். தூங்கட்டும்.